நோயாளிப் பதிவுகளை இணைப்பதில் உதவி தேவை

வணக்கம். சில பொது மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கும் வேலையில் மூன்று மாதமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

தரவை எஃப்.எச்.ஐ.ஆர். (மருத்துவத் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கான பொதுத் தரநிலை) வடிவத்துக்கு மாற்றுவதுகூட முடிந்துவிட்டது. எந்தப் பதிவு யாருடையது என்று கண்டுபிடிப்பதில்தான் தலைவலி. நேற்று பார்த்த ஒரு பெண்மணிக்கு நான்கு பதிவுகள். ஒன்றில் முழுப்பெயர், ஒன்றில் வெறும் முதலெழுத்து, மூன்றாவதில் திருமணத்துக்குப் பிந்தைய பெயர், நான்காவதில் பிறந்த தேதி ஜனவரி 1. (தேதி தெரியாதவர்கள் எல்லோரும் அன்றுதான் பிறந்திருக்கிறார்கள்!) அவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்ற குறிப்பு அந்த நான்கில் ஒன்றில் மட்டுமே இருக்கிறது.

இப்போது 1969-இல் வந்த ஃபெலெகி-சன்டர் நிகழ்தகவு முறையில், இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவையா என்று மதிப்பெண் போட்டு ஒப்பிடுகிறோம். ஒரே ஆள் என்றோ வேறு ஆள் என்றோ சொல்ல முடியாத மதிப்பெண்ணோடு நடுவில் நிற்பவைதான் சிக்கல். வரம்பைத் தளர்த்தினால் இரண்டு பேர் ஒருவராகிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இரட்டைப் பதிவைவிட அதுதான் ஆபத்து. ஒருவருடைய ரத்த வகை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

அந்த நடுப்பகுதியை உங்கள் இடத்தில் யார் சரிபார்க்கிறார்கள்? பதிவறை ஊழியர்களா, செவிலியர்களா? தவறாக இணைத்த பிறகு புதுப் பரிசோதனை முடிவுகளும் சேர்ந்துவிட்டால் எப்படிப் பிரிக்கிறீர்கள்? மூலப் பதிவை அழிக்காமல் இணைப்பை மட்டும் தனியாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் இன்னொன்று. பழைய சர்க்கரை முடிவுகளில் அலகே இல்லை. 7 என்றும் இருக்கிறது, 126 என்றும் இருக்கிறது; லிட்டருக்கு மில்லிமோல், டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே அளவுதான். ஊகித்து மாற்றலாமா, அப்படியே விடலாமா?