மறு: பேஸ்மேக்கருக்கு ‘வேகமுடுக்கி’ வேண்டாம் – ‘ஓட்டத்துணை’, ‘துணையோட்டம்’ பத்தி

எல்லாருக்கும் வணக்கம்.

ஓட்டப் போட்டிச் சொற்களுக்கு தமிழ் தேடுற இந்த இழைல ரெண்டு கேள்வி ஒண்ணா கலந்துபோச்சு. மாரத்தான்ல முன்னாடி ஓடி வேகம் பிடிச்சுக் குடுக்குற பேஸருக்கு (பேஸ்மேக்கர்) என்ன சொல்றது, இது ஒண்ணு. இத்தாலி மோன்சாவுலயும் ஆஸ்திரியா வியன்னாவுலயும் கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே ஓடினாரே அந்த மாதிரி ரெண்டு மணி நேரத்த உடைக்கணும்னே ஏற்பாடு பண்ணி நடத்துற ஓட்டத்துக்கு என்ன பேர், இது ரெண்டாவது. முதல் கேள்விக்கு மட்டும் பதில் போட்டுக்கிட்டே வந்ததுல ரெண்டாவது அப்படியே நின்னுடுச்சு. எனக்கு ரெண்டாவதுதான் முக்கியம், ஏன்னா அதுக்கு சொல் இல்லாததாலதான் செய்திகள்ல தப்பு தப்பா வருது. ஆனா பேஸர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன், அங்க போட்ட சொல்தான் இங்கயும் உதவும்.

> பேஸ்மேக்கர் = வேகமுடுக்கி. இதய முடுக்கி ஏற்கனவே இருக்கு, அதே வழில போகலாம்.

ஐயா, இதயத்துல வைக்கிற கருவிக்கு இதய முடுக்கி இருக்குங்கறதாலயே இது வேண்டாம்னு சொல்லுவேன். முடுக்குறதுனா வேகத்த கூட்டுறது. பேஸர் பண்ற வேலை அதுக்கு நேர் எதிர், வேகம் கூடவும் விடமாட்டார் குறையவும் விடமாட்டார். 2019 அக்டோபர் 12, வியன்னா பிராட்டர் பூங்கா ஓட்டத்த எடுத்துக்கோங்க. கிலோமீட்டருக்கு 2 நிமிஷம் 50 செகண்டுனு கணக்கு வச்சு ஓடினாங்க, 42 கிலோமீட்டர்லயும் ஒரு கிலோமீட்டர்கூட 2:48க்கு கீழயோ 2:52க்கு மேலயோ போகல. அந்த ரெண்டு ரெண்டு செகண்டுக்குள்ள கட்டிப் பிடிச்சு வச்சதுதான் அன்னிக்கு பேஸர்களோட திறமை. ஆரம்பத்துல உடம்பு லேசா இருக்கும்போது கொஞ்சம் முடுக்கிட்டா 35 கிலோமீட்டர்ல அதுக்கு விலை குடுக்கணும்னு மாரத்தான் ஓடுற எல்லாருக்கும் தெரியும். இந்த வேலைக்குப் போய் முடுக்கினு பேர் வச்சா படிக்கிற பிள்ளைக்கு விஷயமே தலைகீழா புரியும்.

‘ஊக்கோடி’னு இன்னொரு நண்பர் சொன்னது கேக்க அழகா இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா விளையாட்டுச் செய்தில ‘ஊக்க’னு ஆரம்பிச்சாலே அடுத்து மருந்துனுதான் மனசு போகும். மாரத்தான்ல ஊக்கமருந்து வழக்குகள் இவ்வளவு வந்துக்கிட்டிருக்குற காலத்துல, உழைச்சு ஓடுற ஒரு மனுஷன் மேல அந்த வாடை படுற மாதிரி ஒரு சொல்ல நாமளே உண்டாக்க வேண்டாம்.

முன்னோடிங்கற சொல் எழுத்துக்கு எழுத்து பொருந்துது, முன்னால ஓடுறவர். ஆனா அது வேற பொருளுக்குப் போய் ரொம்ப காலம் ஆச்சு, ‘கிப்சோகேயின் முன்னோடிகள்’னு எழுதினா அபெபே பிகிலா, பால் தெர்கத் மாதிரி பழைய மாரத்தான் வீரர்களத்தான் நினைப்பாங்க. எனக்கு மனசு ரொம்ப நேரம் நின்னது ‘முன்னத்தி’ல. உழவுல முதல்ல போற முன்னத்தி ஏர் போட்ட சால பிடிச்சுதான் பின்னால வர்ற ஏரெல்லாம் போகும், நடையும் அதுவே, கோடும் அதுவே. பேஸரோட வேலையும் சரியா அதுதான். 2018ல பெர்லின்ல கிப்சோகே 2:01:39 ஓடினப்போ முன்னாடி போன பேஸர்கள் இந்த அர்த்தத்துல முன்னத்திங்கதான். அதுலயும் கடைசி ஆள் 25வது கிலோமீட்டர்ல விலகிட்டார், மிச்சம் 17 கிலோமீட்டர் தனியா ஓடி உலக சாதனை. அத நினைச்சா இப்பவும் எனக்கு சிலிர்க்குது.

ஆனா வியன்னாவுக்கு வந்தா முன்னத்தி நிக்கமாட்டேங்குது. 2017ல மோன்சாவுல பேஸர்கள் அம்பு முனை மாதிரி ஆறு பேர் முன்னாடி ஓடினாங்க, கிப்சோகே பின்னாடி. வியன்னாவுல அத மாத்திட்டாங்க. அஞ்சு பேர் முன்னாடி, வாய் முன்பக்கமா திறந்த V வடிவத்துல, அப்புறம் ரெண்டு பேர் அவருக்குப் பின்னாடி. பின்னாடி ஓடுறவன் காத்த எப்படி மறைப்பான்னு முதல்ல எனக்கும் புரியல, அப்புறம் படிச்சா, ஓடுறவருக்குப் பின்னால காத்து சுழன்று ஒரு இழுப்பு உண்டாகுமாம், அந்த இடத்துல ஆள் இருந்தா அது குறையுமாம். ஆக மொத்தம் 41 பேஸர்கள், பெர்னார்ட் லகாத், இங்கெப்ரிக்ட்சென் அண்ணன் தம்பி மூணு பேர், சென்ட்ரோவிட்ஸ்னு தனியா ஓடினாலே மைதானம் திரும்பிப் பாக்குற ஆளுங்க, குழு குழுவா மாறி மாறி உள்ள வந்து போனாங்க. இவங்கள்ல பின்னாடி ஓடின ரெண்டு பேர முன்னத்தினு எப்படி சொல்றது.

அதனாலதான் ‘ஓட்டத்துணை’. வழித்துணை, பேச்சுத்துணை நம்ம நாக்குல இருக்கு, இருட்டுல போறவங்க ‘துணைக்கு வர்றியா’னுதான் கேக்குறாங்க. முன்னாடி போனாலும் பின்னாடி வந்தாலும் பக்கத்துல ஓடினாலும் துணைதான், பாதில வந்து சேந்தாலும் பாதில விலகினாலும் துணைதான். சென்னைல ஞாயித்துக்கிழமை ஓட்டத்துல நேரம் எழுதின கொடிய முதுகுல கட்டிக்கிட்டு ஓடுறாரே அவருக்கும் அதே சொல் ஒட்டும். பத்திரிகைல முதல் தடவ பாக்குறவங்களுக்கும் விளக்கம் தேவைப்படாது.

இப்போ ரெண்டாவது. ‘தொழில்நுட்ப ஓட்டம்’ங்கற பரிந்துரைக்கு நாலஞ்சு பேர் ஆதரவு சொல்லியிருக்கீங்க. நான் இத உறுதியா எதிர்க்குறேன், ஏன்னா சாதனையா ஏத்துக்குற ஓட்டத்துக்கும் ஏத்துக்காத ஓட்டத்துக்கும் நடுவுல உள்ள எல்லைக் கோடு தொழில்நுட்பத்துல இல்லவே இல்ல. வியன்னால கிப்சோகே 1:59:40 ஓடின மறுநாளே, அக்டோபர் 13, சிகாகோ மாரத்தான்ல கென்யாவோட பிரிஜிட் கோஸ்கெய் 2:14:04 ஓடி, பெண்கள் உலக சாதனையா இருந்த பவுலா ராட்கிளிஃபோட 2003 லண்டன் நேரத்த, 2:15:25, பதினாறு வருஷம் கழிச்சு உடைச்சாங்க. அவங்க கால்லயும் கார்பன் தகடு வச்ச ஷூதான், பக்கத்துல ஆண் ஓட்டத்துணைகளும் இருந்தாங்க, அது உலக சாதனைனு ஏத்துக்கப்பட்டுச்சு. ஷூவுக்கு எல்லை வேணும்னு உலக தடகள அமைப்பு 2020 ஜனவரி கடைசில விதி கொண்டுவந்தப்போ கூட, ரோடு ஓட்டத்துக்கு அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல கூடாது, உள்ள ஒரு தகடுக்கு மேல கூடாதுனுதான் சொன்னாங்க, தகடே கூடாதுனு சொல்லல. மைதானத்துல ஓரமா வேகம் காட்டி ஓடுற வெளிச்சக் கோடு, வேவ்லைட், அதுக்கும் அனுமதி உண்டு. 2020ல வலென்சியால உகாண்டாவோட செப்டெகெய் 10,000 மீட்டர 26:11.00ல முடிச்சது அந்த வெளிச்சத்தோடதான், அது சாதனைப் பட்டியல்ல ஏறிச்சு. வியன்னால வேகம் காட்ட கார்ல இருந்து ரோட்டுல விழுந்த பச்சை லேசர் கோடு மட்டும் தொழில்நுட்பம், வலென்சியால தரையோரம் ஓடின விளக்கு தொழில்நுட்பம் இல்லையா?

வியன்னாவ சாதனைப் பட்டியல்ல இருந்து வெளிய வச்ச காரணம் வேற. அது திறந்த போட்டி இல்ல, எதிர்த்து ஓட யாரும் இல்ல. ஓட்டத்துணைங்க ஆரம்பத்துல இருந்து ஓடல, நடுவுல புது ஆளா வந்தாங்க, விதிப்படி அந்தப் போட்டில இல்லாத ஆள் வேகம் பிடிச்சுக் குடுத்தா அது உதவி. குடிக்கிறத மேசைல இருந்து அவரா எடுக்கல, சைக்கிள்ல வந்து கையில குடுத்தாங்க. இதெல்லாத்துக்கும் பொதுவான ஒரே வார்த்தை உதவி, துணை. அதனால அந்த வகை ஓட்டத்துக்கு ‘துணையோட்டம்’னு வைப்போம்னு சொல்றேன்.

இத சில பழைய ஓட்டங்கள்ல வச்சுப் பாத்தேன். 1953 ஜூன்ல இங்கிலாந்து மோட்ஸ்பர் பார்க்ல பிரிட்டிஷ் வீரர் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் ஓடினார், 4:02.0. அதுல கிறிஸ் பிராஷர் வேணும்னே மெதுவா ஓடி ஒரு சுற்று பின்தங்கி, பானிஸ்டர் வந்ததும் கடைசில அவருக்கு முன்னாடி வேகம் பிடிச்சுக் குடுத்தார். அதிகாரிகள் அந்த நேரத்த ஏத்துக்கல. துணையோட்டம், சரியா விழுது. அடுத்த வருஷம் 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்ட்ல அதே பிராஷரும் சாட்டவேயும் துப்பாக்கி சத்தத்துல இருந்தே கூட ஓடினாங்க, 3:59.4, சாதனை. இங்க ஓட்டத்துணைங்க இருக்காங்க, ஆனா துணையோட்டம் இல்ல. மோன்சா ஓட்டத்தையும் அதே மே 6ல வச்சாங்கங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2025 ஜூன் 26, பாரிஸ் ஷார்லெட்டி மைதானத்துல கென்யாவோட ஃபெய்த் கிப்யேகன் மைல நாலு நிமிஷத்துக்குள்ள ஓட முயற்சி பண்ணி 4:06.42ல முடிச்சாங்க, ஆணும் பெண்ணுமா முன்னயும் பின்னயும் ஓட்டத்துணைங்க, அவங்களோட சொந்த உலக சாதனை 4:07.64அ விட வேகம், ஆனாலும் அது கணக்குல சேராது. இதுவும் துணையோட்டம்.

பாஸ்டன் மாரத்தான் 2011தான் நல்ல சோதனை. ஜெஃப்ரி முட்டாய் 2:03:02, அன்னிக்கு இருந்த உலக சாதனைய விட வேகம். முழுக்க முழுக்க போட்டி, யாரும் இடைல வந்து சேரல. ஆனா பாதை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் இறக்கம் அதிகம், தொடக்கமும் முடிவும் ரொம்ப தூரம் தள்ளி, அதனால சாதனைக்குத் தகுதி இல்ல. பின்காத்தும் அன்னிக்கு நல்லா அடிச்சுது. இத துணையோட்டம்னு சொல்லக்கூடாது. ‘ஏற்கப்படாத ஓட்டம்’னு பொதுவா ஒரு பேர் வைக்கலாம்னு தங்கை ஒருத்தங்க எழுதியிருந்தாங்க, அப்படி வச்சா பாஸ்டனும் வியன்னாவும் ஒரே பெட்டில போயிடும்மா, ரெண்டும் வேற வேற விஷயம்.

துணைனா துணைவேந்தர், துணை ஆட்சியர்னு அடுத்த படி ஆள்னு அர்த்தம் வராதானு ஒரு ஆட்சேபம் இருக்கு. அந்த சொற்கள்ல துணை முன்னால நின்னு பதவியோட சேருது. ‘ஓட்டத்துணை’ல அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்ல. ‘துணையோட்டம்’ல கொஞ்சம் இடம் இருக்கு, அத மறுக்கல, ஆனா ஓட்டம் பதவி இல்லையே. இன்னும் தெளிவு வேணும்னா முதல் தடவ வரும்போது ‘துணைபெற்ற ஓட்டம்’னு எழுதிட்டு அப்புறம் சுருக்கிக்கலாம்.

‘போலிச் சாதனை’ங்கற சொல்ல மட்டும் தயவுசெஞ்சு நம்ம சொற்பட்டியல்ல இருந்தே எடுத்துடுங்க. மோன்சாவுல கிப்சோகே 2:00:25, ரெண்டு மணி நேரத்துக்கு 25 செகண்டு அதிகம், அதே பாதைல அதே ஏற்பாட்டோட ஓடின டெசிசா 2:14:10, டடேசே 2:06:51. ஏற்பாடே ஓடிக் குடுத்துடும்னா இந்த வித்தியாசம் எப்படி வரும்? வியன்னால கடைசி சில நூறு மீட்டர்ல ஓட்டத்துணைங்க எல்லாம் ஒதுங்கி வழி விட்டு, போ போனு கைய காட்டினப்போ தனியா வேகத்த கூட்டினது அந்த மனுஷனோட கால்தான். அதப் போலினு தமிழ்ல பதிய வைக்கிறது அநியாயம்.

ஆனா சாதனைனும் சும்மா எழுதக்கூடாது. தமிழ்ல நமக்கு இருக்குற பெரிய சிக்கலே இங்கதான். செய்து காட்டின அரிய செயலும் சாதனை, பட்டியல்ல ஏறுற உச்ச நேரமும் சாதனை. ‘கிப்சோகே 1:59:40ல் ஓடி சாதனை’னு தலைப்பு போட்டா அது உண்மை, ‘உலக சாதனை’னு போட்டா தப்பு. 2023 அக்டோபர்ல சிகாகோல கெல்வின் கிப்டம் 2:00:35 ஓடி உலக சாதனை பண்ணினார்னு அடுத்து ஒரு செய்தி வரும்போது, படிக்கிறவர் ‘ஏற்கனவே ரெண்டு மணி நேரத்துக்கு கீழ ஓடியாச்சே, இது எப்படி சாதனை’னு கேக்குறார், கேக்கத்தான் செய்வார். இருபத்திநாலு வயசுல அடுத்த பிப்ரவரியிலயே விபத்துல போயிட்டார் அந்தப் பையன், அவர் பண்ணினது என்னன்னு தெளிவா சொல்ல ஒரு சொல்லாவது நம்மகிட்ட இருக்கணும். பட்டியல்ல ஏறினதுக்கு ‘ஏற்புச் சாதனை’னு ஒரு சொல்ல பிரிச்சு வைப்போம். சாதாரணமா உலக சாதனைனே எழுதலாம், துணையோட்டம் பக்கத்துல வர்ற இடத்துல மட்டும் ஏற்புச் சாதனைனு எழுதணும்.

டிராஃப்டிங், அதாவது முன்னாடி ஓடுறவருக்குப் பின்னால காத்து படாம ஓடுறது, அதுக்கு சொல் மிச்சம் இருக்கு. ‘காற்றுமறைவு’ல மறைவுங்கறது இறப்புனு காதுல விழுது. மழைக்கு ஒதுங்குறோம்னு சொல்றோமே, அந்த ‘ஒதுங்கு’ல இருந்து ‘காற்றொதுங்கல்’னு எடுக்கலாமானு யோசிக்கிறேன். ஒரு மீட்டர் பின்னால ஓடினா காத்து எதிர்ப்புல பெரும்பகுதி போயிடுதுனு கிரிஃபித் பியூனு ஒரு உடலியல் ஆய்வாளர் 1971லயே அளந்து காட்டினார், அந்த ஒரு மீட்டர் இடத்த ‘ஒதுக்கம்’னு சொல்ல வசதியா இருக்கும். சைக்கிள் பந்தயத்துக்கும் இதே சொல் வேணும்ங்கறதால, அந்தப் பக்கம் பழக்கம் உள்ளவங்க ‘காற்றொதுங்கல்’ வாய்ல வருதானு சொல்லிப் பாத்து எழுதுங்க. மத்த மூணுக்கும் எதிர்ப்பு இருந்தா இந்த இழைலயே போடுங்க, இல்லனா ஓட்டத்துணை, துணையோட்டம், ஏற்புச் சாதனை மூணையும் விளக்கத்தோட நானே சொற்பட்டியல்ல ஏத்திடுறேன்.