மறு: "காப்பிடம்" என்ற சொல் பற்றி

> காப்பிடம் என்றே வைப்போம். பயனர் வட்டை நிரப்பினாலும் ரூட்டுக்கு இடம் மிஞ்சுகிறதே, அதுவும் ஒரு பாதுகாப்புத்தானே?

தம்பி, வட்டில் ரூட்டுக்கென்று (எல்லா அதிகாரமும் உள்ள நிருவாகிக் கணக்கு) எடுத்துவைக்கும் இடத்துக்கு நீங்கள் சொல்லும் சொல் காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனால் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழமையாக வட்டின் 5 வீதத்தை இப்படி ஒதுக்கும் காரணத்தைப் பார்த்தால் "காப்பு" ஒட்டாது. 1980களிலேயே பெர்க்லி யூனிக்ஸ் 10 வீதத்தை வெறுமையாக விட்டது. வட்டு நிரம்ப நிரம்பக் கோப்பின் துண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி வேகம் விழும் என்பதற்காக. வட்டு முட்டிப்போனாலும் நிருவாகி உள்ளே வந்து துப்புரவாக்கலாம் என்பது கூடவே கிடைத்த வசதி.

அந்த வசதியை அரண் என்று நம்பினால் ஏமாறுவோம். இயங்குதளத்தின் கருவான கெர்னல் பார்ப்பது கோப்பு யாருடையது என்பதையல்ல, எழுதும் நிரலுக்கு அதிகாரம் உண்டா என்பதை. யார் இயக்கினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும் செட்யூஐடி நிரல் ஒன்றின் வெளியீட்டைச் சாதாரணப் பயனர் தன் கோப்புக்குள் திருப்பிவிட்டால், அது ஒதுக்கிய இடத்தில்தான் போய் விழும். மெல்ல மெல்ல முழுவதையும் தின்றுவிடலாம். அவ்வளவு கெட்டித்தனம்கூட வேண்டாம்: ஐனோடுகளுக்கு (கோப்புக்கு ஒன்றாக வேண்டிய பதிவுகள், எண்ணிக்கைக்கு எல்லை உண்டு) இப்படி ஒதுக்கே கிடையாது. வெறுங்கோப்புகளாக உருவாக்கித் தள்ளினால், இடம் தாராளமாகக் கிடந்தும் ரூட்டால் புதிதாக ஒரு கோப்பு உருவாக்க முடியாது. உபுண்டு லினக்ஸில் நிகழ்வுப் பதிவுகளை (லொக்) எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல் ரூட்டாக ஓடுவதுமில்லை. வட்டு நிரம்பினால் லொக் எழுதுவதும் நின்றுவிடும்.

கிடைப்புநிலையும் (சேவை தடையின்றிக் கிடைப்பது) பாதுகாப்பின் அங்கம் என்று சொல்வீர்கள். சரி. தெரியாமல் நிரப்புகிறவரிடமிருந்து இது காப்பாற்றும், வேண்டுமென்றே நிரப்புகிறவரிடம் செல்லாது. போதாததற்கு "காப்பு" ஏற்கெனவே காப்புப்பிரதியில் (பெக்கப்) உட்கார்ந்திருக்கிறது. ஹட்டன் வகுப்பில் ஒரு பிள்ளை வட்டில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுவிட்டு, "சேர், ஒரு டெராபைட்டில 50 ஜிபி கணக்கில வரல்லையே, பெக்கப்புக்குப் போயிட்டா?" என்று கேட்டது. காப்பிடம் என்று சொல்லிக் கொடுத்தால் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"ஒதுக்கீடு" சரிவராது, நினைவக ஒதுக்கீடு என்று அதை வேறு பொருளில் எழுதுகிறோம். "ஒதுக்கிடம்" என்றால் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்குப்புறம்தான் ஞாபகம் வரும், வகுப்பே சிரிக்கும்.

என் முன்மொழிவு "ஒதுக்கு வெளி". நம் மத்திய வங்கி "நியதி ஒதுக்கு விகிதம்" என்றே எழுதுகிறது. வங்கி வைப்பில் ஒரு பங்கை எடுத்துவைக்கும் ஏற்பாடு அது. பெட்டகத்துப் பூட்டு என்று யாரும் எண்ணுவதில்லை. முன்னால் "நிருவாகி" சேர்க்கவும் வேண்டாம், எக்ஸ்ட்4 அமைப்பை மாற்றும் டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் அந்த இடத்தை வேறொரு பயனருக்கோ குழுவுக்கோ கொடுக்கலாம். ஆகவே மொழிபெயர்ப்பில் "ஒதுக்கு வெளி (வீதம்)" என்று மட்டும் போடுவோம்.

ஒவ்வொரு பயனருக்கும் எல்லை வைத்து உண்மையில் தடுப்பது கோட்டா. அதற்கு என்ன சொல் என்பதைத் தனி இழையில் தொடங்குங்கள்.