புதுப்பிப்பு: கணுக்கால் விரிசலோடு டிஸ்னி வேர்ல்ட்

கணுக்கால் எலும்பில் விரிசல், வாக்கிங் பூட் (அடிபட்ட காலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் மருத்துவக் காலணி) போட்டிருக்கிறேன், ஃப்ளோரிடா பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? போய் வந்துவிட்டோம்.

அதற்கு, ஊன்றுகோலே போதும் என்று பதில் சொன்னவர்கள் டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான எப்காட்டைப் பார்த்ததில்லை போலும். ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள். அந்த ஒரு வட்டமே ஏறக்குறைய 2 கிலோமீட்டர். நல்ல காலுக்கே நாக்குத் தள்ளிவிடும். சக்கர நாற்காலியைப் பூங்காவிலேயே வாடகைக்கு எடுத்தோம். முன்பதிவு கிடையாது, முந்தியவர்களுக்கே கிடைக்கும். மின்சார வண்டியும் உண்டு. ஓட்டுபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். நாங்கள் எடுத்தது தள்ளும் நாற்காலி, எனக்கு வாய்த்த ஓட்டுநர் என் கணவர். மேடு வரும்போதெல்லாம் என் எடையைப் பற்றி ஒரு முணுமுணுப்பு.

நாற்காலியில் போனால் வரிசையைத் தாண்டி விட்டுவிடுவார்கள் என்பது வெறும் பேச்சு. பெரும்பாலான வரிசைகளில் நாற்காலி போகுமளவு அகலம் இருப்பதால் எல்லோருடனும்தான் காத்திருந்தோம்.

மேஜிக் கிங்டம் என்ற இன்னொரு டிஸ்னி பூங்காவில், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் என்ற படகுச் சவாரியில் நாற்காலியோடு ஏற்றும் படகு இருக்கிறது. உயரப் பாதையில் மெல்ல ஓடும் பீப்பிள்மூவர் வண்டியில் அந்த வசதி இல்லை. நகரும் பட்டையில் நடந்துதான் ஏற வேண்டும். தடித்த அடிப்பாகமுள்ள பூட்டோடு அந்த வித்தைக்கு நான் துணியவில்லை.

ரோலர் கோஸ்டர் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஏறினார்கள், நான் பைகளுக்குக் காவல்.