‘காலமாற்றம்’, ‘முரண்’: பல் ஒப்பீட்டுக்கு இரண்டு சொற்கள்

கோலாலம்பூரிலிருந்து:

ஐயா, நம் கலைச்சொல் வரைவிலுள்ள ‘விளக்கத்தக்க வேறுபாடு’, ‘விளக்கவியலா வேறுபாடு’ இரண்டையும் கைவிடலாம். அடையாளம் தெரியாத உடலின் பல்லையும் கிளினிக்கில் கிடந்த பழைய பல் அட்டையையும் ஒப்பிடும்போது வரும் வேறுபாடுகள் இவை. அந்தச் சொற்களோ ஒப்பிடுபவரின் திறமையைப் பற்றிப் பேசுகின்றன. “உங்களால் விளக்க முடியவில்லையா?” என்று குடும்பத்தார் கேட்பார்கள்.

தீர்மானிப்பது காலம் ஓடும் திசைதான். அட்டையில் 36, அதாவது கீழ் இடது முதல் கடைவாய்ப்பல், முழுசாக இருக்கிறது. உடலில் அடைத்திருக்கிறது அல்லது பிடுங்கியிருக்கிறது. இடையில் நடந்திருக்கலாம். இது ‘காலமாற்றம்’. பிடுங்கியதாக எழுதிய பல் தாடையில் வேரோடு நின்றால் அது ‘முரண்’. காலமாற்றம் எத்தனை இருந்தாலும் அதைக் கொண்டு ஆளை விலக்க முடியாது. மெய்யான முரண் ஒன்று போதும், அவர் இவரில்லை.

பினாங்கிலிருந்து:

அம்மா, ‘காலமாற்றம்’ நன்றாக இருக்கிறது. ‘ஒவ்வா வேறுபாடு’ என்ற என் பரிந்துரையை விட்டுவிடுகிறேன். படிப்பவர் அலர்ஜி என்றே நினைப்பார். ஆனால் ‘முரண்’ என்று எழுதுமுன் பதிவுப் பிழையைக் கழிக்க வேண்டும் என்பதை வரையறையிலேயே சேருங்கள். சிறு வயதில் 36ஐப் பிடுங்கினால் அதற்குப் பின்னுள்ள 37 முன்னால் நகர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு டாக்டர் அதை 36 என்று எழுதுவார், அடுத்தவர் 37 என்பார். எக்ஸ்ரே பிலிமைப் புரட்டி மாட்டினால் இடம் வலமாகும். எண்முறையிலும் கண் வேண்டும்: நமக்கு 16 மேல் வலது முதல் கடைவாய்ப்பல், அமெரிக்க அட்டையில் அதே 16 மேல் இடது ஞானப்பல். இவற்றைப் பார்த்து முடிக்கும்வரை ‘ஐயமுரண்’ என்றே குறிக்கலாம்.

கோலாலம்பூரிலிருந்து:

‘ஐயமுரண்’ சரி, சேர்த்துக்கொள்வோம். இன்னொரு சொல்லும் தேவை. உடலை அடையாளம் காண்பதற்கான இன்டர்போல் (பன்னாட்டுக் காவல் அமைப்பு) படிவத்தில் மஞ்சள் தாள் உயிரோடிருந்த காலத்து விவரம், இளஞ்சிவப்புத் தாள் உடலில் கண்டது. அந்த இளஞ்சிவப்புத் தாளுக்குத் தமிழில் ‘பல் இல்லை’ என்று மட்டும் கொடுத்தால் ஆபத்து. ஒற்றை வேருள்ள முன்பற்கள் இறந்தபின் தாமாகக் கழன்றுவிடக்கூடும். அப்போது பற்குழி வெறுமையாக, விளிம்பு கூராக இருக்கும். வாழ்நாளில் பிடுங்கியதென்றால் நாளடைவில் குழி எலும்பால் நிரம்பி, விளிம்பு மழுங்கியிருக்கும். முன்னதைக் ‘கழன்றது’ என்றும் பின்னதை ‘இழந்தது’ என்றும் பிரிக்க வேண்டும். 11ஐ, அதாவது மேல் வலது நடு முன்பல்லை, பல ஆண்டுகளுக்கு முன்பே பிடுங்கியதாக அட்டை சொல்கிறது, உடலில் 11இன் குழி கூராக இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு தாளிலும் ‘இல்லை’ என்றால் அது பொருத்தமாகத் தெரியும். உள்ளே இருப்பதோ முரண்.