மின்வெட்டுக்குப் பின் பூட் ஆகாத லினக்ஸ் கணினி: யாங்கோன், பெகு அனுபவங்கள்

யாங்கோன் உறுப்பினர்:

எங்கள் கோயில் தமிழ்ப் பள்ளியின் அலுவலகக் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வகை இயங்குகிறது. நீண்ட மின்வெட்டுகளுக்குப் பின் அதை இயக்கியபோது எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது எனக் கேட்கும் க்ரப் பட்டியல் வழக்கம்போல் வந்தது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் ஏறியது. ஆனால் லினக்ஸ் நிறுவப்பட்டுள்ள ரூட் பகிர்வின் யூயூஐடி (அடையாளக் குறி) இல்லை என்ற எச்சரிக்கையுடன், தொடக்கத்தில் மட்டும் பயன்படும் தற்காலிக அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ் கட்டளைத் திரையில் நின்றுவிட்டது. வட்டு போய்விட்டதென்று செயலாளர் ஐயா முடிவே கட்டிவிட்டார்.

எனக்கு அது பொருந்தவில்லை. க்ரப்பும் கெர்னலும் அதே என்விஎம்இ (அதிவேக எஸ்எஸ்டி) வட்டிலிருந்துதான் படிக்கப்படுகின்றன. ஆகவே வட்டு, தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள தொடக்க மென்பொருளான ஃபர்ம்வேருக்கு (பயாஸ்) தெரிகிறது, லினக்ஸுக்குத்தான் தெரியவில்லை. அந்தத் திரையிலேயே கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெஜ் கட்டளையைக் கொடுத்துப் பார்த்ததில், என்விஎம்இ சாதனம் ஒன்று மறைந்திருக்கிறது, பயாஸில் வட்டுகளை அணுகும் முறையை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றினால்தான் அதைப் பயன்படுத்த இயலும் என்று கெர்னலே சொல்லியிருந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசும் பிழைச்செய்தி அபூர்வம்.

அந்த அமைப்பை யாரும் தொட்டிருக்கவில்லை. ஃபர்ம்வேர் திரையில் தேதி பல ஆண்டுகள் பின்னால் கிடந்ததுதான் காரணத்தைக் காட்டியது. கணினி அணைந்திருந்தாலும், இணைப்பில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரச் சுற்று அதைக் கொண்டே ஓடும். மின்சாரம் அறவே இல்லாத நேரங்களில் மட்டுமே தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி செலவாகும். நம் ஊரில் அது விரைவில் தீர்வதில் வியப்பில்லை. தீர்ந்ததை உணர்ந்ததும் பல பலகைகளில் ஃபர்ம்வேர் எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். இந்தக் கணினிக்கு அந்த நிலை ரெய்டு. புதிய 3 வோல்ட் பேட்டரியைப் பொருத்தி, ஏஎச்சிஐயைத் தேர்ந்து, தேதியையும் திருத்தியதும் டெபியன் பூட் ஆனது. தேதியை அப்படியே விட்டிருந்தால், பிரவுசர் தளங்களின் சான்றிதழ்களை ஏற்க மறுத்திருக்கலாம்.

பெகு உறுப்பினர்:

அண்ணன் கூறிய மாற்றத்தை, விண்டோஸும் உள்ள கணினியில் உடனே செய்துவிடாதீர்கள். ரெய்டு முறையில் நிறுவப்பட்ட விண்டோஸ், ஏஎச்சிஐக்கு மாற்றியவுடன் பிழை காட்டும் நீலத் திரையில் நின்றுவிடக்கூடும். எங்கள் கடைக்கு வந்த மடிக்கணினியில், முதலில் விண்டோஸை, அடிப்படை நிரல்களோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்து, அதன்பின் ஃபர்ம்வேரை மாற்றி, ஒருமுறை அவ்வாறே தொடங்கவிட்டு, பிறகே வழக்கமான நிலைக்குத் திரும்பினோம். அதன்பின் லினக்ஸ் நிறுவலுக்கும் வட்டு தெரிந்தது.

ஆனால் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போதெல்லாம் கடிகாரம் 6 மணி 30 நிமிடம் பின்தங்கியது. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸோ அதை மியன்மா நேரமென்று படிக்கிறது. லினக்ஸையே உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தோம்.