பெரிய வீட்டுக் குழு: டிக்கியில் சப் ஊஃபர்

கதிர்: மாமா, காரில் புதிதாக மாட்டிய சப் ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) தகராறு செய்கிறது. சத்தம் குறைவாக வைத்தால் ஓடுகிறது. கூட்டினால், பேஸ் விழும்போது கட் ஆகி ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) சிவப்பு விளக்கு எரிகிறது.

வசந்தி அக்கா: ஆம்ப் சூடாகிறதா?

கதிர்: இல்லை அக்கா, வெதுவெதுப்புதான். மாட்டிய கடையில் ஆம்ப் போச்சு, பெரியதாக வாங்கு என்கிறார்கள்.

முருகன் மாமா: எதுவும் வாங்காதே மாப்பிள்ளை. சிவப்பு விளக்கு என்றால் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, அதன் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்து ஓம் பார்.

கதிர்: 3.5 காட்டுகிறது.

முருகன் மாமா: 4 ஓம் காயில், நன்றாக இருக்கிறது. ஆம்ப் பிரிட்ஜில், அதாவது இரண்டு சேனலைச் சேர்த்து ஓட்டும்போது, எவ்வளவு ஓம் தாங்கும் என்று போட்டிருக்கிறது?

கதிர்: குறைந்தது 4 ஓம்.

முருகன் மாமா: சரி, திரும்ப மாட்டு. இஞ்சினை ஓடவிட்டு, பேஸ் அடிக்கும்போது ஆம்பின் ப்ளஸ்ஸிலும் எர்த்திலும் (கார் பாடியோடு சேரும் மைனஸிலும்) மீட்டரை வைத்து வோல்ட் பார். பேட்டரியிலும் பார்.

கதிர்: பேட்டரியில் 13.8. ஆம்பில் 10.8 வரை இறங்கி, கட் ஆகிறது!

முருகன் மாமா: 3 வோல்ட் வழியில் போகிறது. மீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த்தில் வை, மறுமுனையை டிக்கி பூட்டு மாட்டும் கொக்கியில் வை. பேஸ் அடிக்கட்டும்.

கதிர்: 2.4.

முருகன் மாமா: எர்த்தில்தான் கோளாறு. பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ போட்டிருப்பார்கள்.

கதிர்: ஆனால் மீட்டரில் பீப் வருகிறதே மாமா. எர்த் நன்றாக இருக்கிறது என்று கடையில் அதைத்தான் காட்டினார்கள்.

முருகன் மாமா: பீப்பை நம்பாதே. 40 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.06 ஓம் இருந்தாலே 2.4 வோல்ட் போய்விடும். அவ்வளவு சின்ன ஓம் மீட்டருக்குத் தெரியாது, பீப் அடித்துவிடும். கரன்ட் ஓடும்போது வோல்ட் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, எர்த் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தகரம் பளபளக்கும்வரை தேய். ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கு. புது ஓட்டை போடாதே, அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கும். சீட் பெல்ட் போல்ட்டையும் தொடாதே.

கதிர்: மாமா!! எர்த்தில் இப்போது 0.1தான். ஆம்பில் 13.1 நிற்கிறது. முழுச் சத்தத்திலும் கட் ஆகவில்லை.

வசந்தி அக்கா: அருமை தம்பி. 👏

கதிர்: இஞ்சினை ரேஸ் செய்தால் வந்த உய்ங் சத்தமும் போய்விட்டது.

முருகன் மாமா: அதுவும் பெரும்பாலும் எர்த்தால் வருவதுதான். திரும்ப வந்தால் ஆர்சிஏ கேபிளை (ஆம்புக்குப் பாட்டு சிக்னல் வரும் ஒயரை) பவர் ஒயரை விட்டு மறுபக்கமாகக் கொண்டுபோ. பேட்டரி பக்கம் ஒரு படம் அனுப்பு.

கதிர்: (படம்)

முருகன் மாமா: ப்ளஸ் ஒயரில் ஃபியூஸ் எங்கே?

கதிர்: ஆம்பிலேயே இருக்கிறது மாமா.

முருகன் மாமா: அது ஆம்பைத்தான் காக்கும். பேட்டரியிலிருந்து டிக்கிவரை வரும் ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால், ஒயரே நெருப்பாகும். அந்த காரில்தான் அக்காவும் குழந்தைகளும் வருகிறார்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வேண்டும். உன் ஒயர் 8 கேஜ் செம்புதானே, 50 ஆம்பியர் போதும்.

கதிர்: நாளைக்கே வாங்குகிறேன் மாமா.

முருகன் மாமா: ஞாயிறு காலை வண்டியைக் கொண்டு வா. ஒயர் உள்ளே நுழையும் ஓட்டைக்கு ரப்பர் என்னிடம் இருக்கிறது. அதுவரை பேட்டரியில் ஆம்ப் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு ஓட்டு.