ஆலோசனைக்கு வருபவர் 'பொறாமை' என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார்? அமர்வில் பிரித்தறிவது எப்படி?

தெம்பனிஸ்வாசி:
உளவள ஆலோசனைப் பயிற்சிக்காக உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைனைப் படிக்கிறேன். 1957ல் அவர் தனித்தனியாகப் பிரித்த இரண்டு உணர்வுகளையும் (envy, jealousy) நாம் 'பொறாமை' என்றே சொல்கிறோம். "அண்ணி மேல பொறாமையா இருக்கு" என்று ஒருவர் வந்தால், அது எது? இன்னொன்று, அமர்வு நன்றாகப் போன மறுவாரமே சிலர் "ஒரு பிரயோசனமும் இல்ல" என்கிறார்களே, அதுவும் இதில் சேருமா?

மேசைவிளக்கு:
எத்தனை பேர் சம்பந்தப்பட்டது என்று முதலில் எண்ணுங்கள். அண்ணி வந்தபின் அண்ணன் முன்போல் பேசுவதில்லை என்றால் மூவர். பாசம் பறிபோகும் பயம் அது. அண்ணியின் நிதானமே கண்ணை உறுத்துகிறது என்றால் இருவர்தான். அதற்கு 'அழுக்காறு' என்ற பழைய சொல்லையே வைத்துக்கொள்ளலாம். "அதே உங்களுக்கும் கிடைத்தால் அடங்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். அடங்கும் என்றால் ஆசை. அவரிடம் அது இருக்கவே கூடாது என்றால் அழுக்காறு. நல்லது நல்லதாக இருப்பதாலேயே அதைக் கெடுக்கத் தோன்றுவது. கிளைன் கண்டதில் மிகக் கனமான இடம் இது.

நம்மூர் சிங்கப்பூரில் 'கியாசு' என்கிறோமே, தோற்றுவிடுவோமோ என்ற பயம், அது வேறு. பிள்ளையின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித்) தேர்வுக்கு மூன்றாவது துணைப்பாட வகுப்பு தேடுபவர் பின்தங்கிவிடப் பயப்படுகிறார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை சறுக்கினால் நிம்மதி என்றால்தான் கவனியுங்கள்.

கல்லாங்மழை:
இரண்டாவது கேள்விக்கு: சேரலாம், ஆனால் அவசரம் வேண்டாம். சிகிச்சை பலித்ததும் நிலை மோசமாவதை 1923ல் ஃப்ராய்ட் தன்னையறியாத குற்றவுணர்வோடு இணைத்தார். கிளைன் இன்னொரு காரணம் சேர்த்தார்: கொடுக்கும் திறன் உங்களிடம் இருப்பதே அவருக்குத் தாங்கவில்லை. கொடுப்பதைக் கண்டு அழுக்காறு கொள்பவனைப் பற்றித் திருக்குறளிலும் (166) வருகிறதே.

போன வாரம் நீங்கள் சொன்னது தவறாகவோ சீக்கிரமாகவோ இருந்ததா என்று முதலில் பாருங்கள். பயிற்சியில் இருப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். உதவி, உடனே இகழ்ச்சி என்ற வரிசை திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் பேசுங்கள். 'பொறாமை' என்ற சொல் வேண்டாம், குற்றச்சாட்டாகவே கேட்கும். இன்னும் இகழ்வார், அல்லது திடீரென்று உங்களை வானளாவப் புகழ்வார். அந்தப் புகழ்ச்சியும் தற்காப்புதான். எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால் ஒப்பிட வேண்டியதில்லை. "உதவி கிடைத்தது ஆறுதலாகவும், இன்னொருவரிடம் வாங்க வேண்டியிருப்பது கஷ்டமாகவும் இருந்திருக்குமோ?" என்று கேட்டால் போதும்.

தெம்பனிஸ்வாசி:
நன்றி. அழுக்காறு பிறவியிலேயே உண்டு, முதலில் தாயின் மார்பு மீதே எழுகிறது என்று கிளைன் சொல்வதையும் ஏற்க வேண்டுமா?

மேசைவிளக்கு:
கட்டாயமில்லை. குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வினிகாட் ஏற்கவில்லை. தாயின் மார்பு தனக்குப் புறம்பானது என்றே அறியாத சிசுவுக்கு யார்மேல் அழுக்காறு? அவர் பார்வையில், காட்டிக் காட்டி மறைக்கும் வளர்ப்புதான் அதைக் கிளப்புகிறது. ஆகவே அந்த அண்ணி கதையில், சிறுவயதில் யார் எதைக் கொடுப்பதுபோல் காட்டிவிட்டுத் தராமல் போனார்கள் என்றும் கேளுங்கள்.